வரவேண்டியது

ஏப்ரல் பதினொன்று. பரீட்சை முடிந்த பள்ளியில்
என் அறையில் மட்டும் மின்விசிறி ஓடுகிறது.
அதற்கும் யூனிட் கணக்குப் போட்டிருக்கிறேன்.

அடுத்த வருஷம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும்.
"ஒரு தாளுக்கு மேலே போகக் கூடாதுங்க" என்றார் தாளாளர்,
பணம் தாளைப் பார்த்து அடங்கி நடக்கும் என்பது போல.

போவதை எழுதுவது சுலபம்.
போகிற பணத்துக்குத் தேதி தெரியும்.
ஐந்தாம் தேதி சம்பளம்.
நாலாம் நம்பர் பஸ்ஸுக்கு ஜூனுக்குள் எஃப்சி;
டிரைவர் அர்த்தநாரி கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து
பஞ்சர் கடை ரசீதின் பின்னால் எழுதித் தந்திருக்கிறார்.
பி.எஃப்., கட்டட வரி, போர்வெல் மோட்டார்,
ஆய்வகத்தில் உடைந்த பதினாறு பிப்பெட்.
'எதிர்பாராத செலவு' என்று ஒரு தலைப்பு வேண்டுமாம் ஆடிட்டருக்கு.
பதின்மூன்று வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்.
நான் எதிர்பாராதது இன்னும் ஒன்றும் வரவில்லை.

வருவதுதான் ஊரைக் கேட்டுக்கொண்டு வருகிறது.
இது சோமனூர்.
நூல் விலை ஏறினால் மூன்றாம் வகுப்பு பி பிரிவு பாக்கி வைக்கும்.
கூலிப் பேச்சு முறிந்தால்
வகுப்பில் பாடம் நடக்கும், கவுன்டரில் ஈ உட்காரும்.
காலையில் ஸ்கூட்டியை மெதுவாக ஓட்டி
தெருத் தெருவாகக் காது கொடுத்துக்கொண்டே வருவேன்.
தறிச் சத்தம் இல்லாத தெருவின் இரண்டாம் பருவக் கட்டணம்
வராது.
டேலியில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

கட்டாயக் கல்வி இடங்களுக்கு அரசு தர வேண்டியது
போன வருஷத்தது, அதற்கு முந்தினது.
'வரவேண்டியது' என்ற ஒரே சொல்லின் கீழே
அரசாங்கமும் சேமலையப்பனும் அடுத்தடுத்து.
இதில் ஒருவரைத்தான் போனில் கூப்பிட முடியும்.

கூப்பிட்டேன்.
ஏழாம் வகுப்பு தருணிகாவின் அப்பா.
பதினோராயிரத்து ஐந்நூறு. பக்கத்தில்
பென்சிலில் 'சந்தேகம்' என்று எழுதியிருந்தேன்.
தலைமுடியில் பஞ்சோடு வந்தார், உட்காரவில்லை.
"இல்லைன்னு சொல்ல வரலீங்க மேடம்.
எப்பன்னு சொல்ல வந்தனுங்க."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.
எங்கள் பள்ளி நோட்டுதான், மகள் எழுதாமல் விட்ட தாள்கள்.
வாரத்துக்கு ஒரு பக்கம்.
சனிக்கிழமை கூலி. ஈபி. பாவு பிணைக்க ஆள்.
மாமியார் மாத்திரை. சீட்டு.
தறி நின்ற வாரங்களில் வரவு இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் கோடு.
கோட்டுக்குக் கீழேயும் இருந்தது: 'ஸ்கூல் 500'.
எடுத்து வைக்க முடியாத ஐந்நூறை
எழுதி மட்டும் வைத்திருக்கிறார்,
கூட்டி, அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய்,
இருபத்து மூன்று வாரம்.
ஒரு ரூபாய் வித்தியாசமில்லை எனக்கும் அவருக்கும்.

என் தாளில் அவர் சந்தேகம்.
அவர் தாளில் நான்
கரண்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே, மையில்.

"ஆடி நோம்பிக்குள்ள முடிச்சர்றனுங்க" என்றார்.
எக்செல்லில் ஆடி இல்லை. ஆகஸ்ட் என்று போட்டேன்.
ஆகஸ்ட் நிமிர்ந்தது, ஜூன் குழிந்தது.
இவரைப் போல இன்னும் நாற்பது பேர்.
ஜூனை நிரப்ப ஆண்டு விழா மேடையின் சீரியல் லைட்டை வெட்டினேன்,
பிறகு நுழைவாயில் பெயின்ட்டை.
மிச்சக் குழி அப்படியே இருக்கிறது;
குழியை மூட வேறு எதையும் நான் எழுதவில்லை.

ஒரு தாள்தான் கேட்டார்கள்.
தாளுக்குப் பின்பக்கமும் உண்டு.
அதில் நாற்பத்தொரு பெயர்கள்,
யாருடைய பணம் எந்த நோம்பிக்கு என்று.

தாளாளர் முன்பக்கம் படித்தார். திருப்பினார்.
ரொம்ப நேரம் திருப்பியபடியே வைத்திருந்தார்.
பிறகு கேட்டார்:
"கிளட்ச் பிளேட்டு ஒன்பதாயிரமாங்க?"